பின்கட்டுக்குப் போகிற வயர்

தளவாயின் கார் வாசலில் வந்து நின்றதோடு போன வாரம் விட்டோம். இன்னும் அங்கேதான் நிற்கிறது. டிரைவர் இறங்கி எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் குத்தவைத்துவிட்டார். உள்ளே சித்ரலேகா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை. திருநெல்வேலி டவுனில் ரதவீதிக்குப் பின்னால் இருக்கிற நீள வீடு இது. ரிட்டயர்டு தாசில்தார் அம்மையப்பன் வீடு. அவருக்கும் வடிவம்மாளுக்கும் ரெண்டு பையன்கள். மூத்தவன் பாலசுப்பிரமணியன் காலேஜில் கணக்கு வாத்தியார். இளையவன் சிவகணேஷ் ஜங்ஷனில் டிஷ் ஆண்டெனா கடை வைத்திருந்தான். போன ஆடிக் காற்றில், வீட்டு டிஷ்ஷைச் சரி பண்ண மேலே ஏறியவன் மொட்டைமாடித் தட்டட்டியிலிருந்து பக்கத்து முடுக்குச் சந்தில் விழுந்தான். ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் உயிர் தாங்கவில்லை.

அவன் பெண்டாட்டிதான் சித்ரலேகா. கல்லிடைக்குறிச்சிக்காரி, தளவாயின் தங்கச்சி. பிள்ளை இல்லை. கல்யாணப் புடவையின் மடிப்புகூட முழுசாகக் கலையவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

நேற்று வருஷத் திவசம். பந்தியில் இலை எடுத்து முடிந்ததும், சொந்தக்காரர்கள் கைகழுவிக்கொண்டு நிற்கும்போது, பாலசுப்பிரமணியன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னான். வருஷம் முடிஞ்சாச்சு, இனிமே அவ அவங்க வீட்டுக்குப் போறதுதான் எல்லாருக்கும் நல்லது, தம்பிய மேல ஏத்திவிட்டவ மொகத்துல தெனமும் முழிக்க என்னால முடியாது என்றான். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. பாயசம் நல்லா இருந்தது என்று சொல்ல மட்டும் நாலு பேருக்கு வாய் இருந்தது.

தம்பியை மேலே ஏற்றிவிட்டவள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர்.

நடந்தது என்ன என்றால், அன்றைக்குக் காலையில் சித்ரலேகா புருஷனிடம், படம் ஒரே ஆட்டமா ஆடுது, கடைக்குப் போறதுக்கு முன்ன ஒரு எட்டு மேல பாத்துட்டுப் போங்க என்று சொன்னாள். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாலசுப்பிரமணியன் காதில் அது விழுந்தது. மத்தியானம் அவன் திரும்பி வரும்போது தம்பி இல்லை. அவன் காதில் கடைசியாக விழுந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையே பிடித்துக்கொண்டான். டிவி பாக்குற ஆசையில எந் தம்பியக் கொன்னுட்டா என்று சாவு வீட்டிலேயே கத்தினான். அன்றைக்கு விழுந்த பழி இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த வீட்டு டிவிக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் மத்தது விளங்கும்.

தட்டட்டியில் பெரிய கம்பி வலை டிஷ். அதிலிருந்து ஒரு வயர் முன்கட்டுக் கூடத்துக்கு, அதாவது பட்டாசலுக்கு, இறங்கி ரிசீவரில் சேரும். ரிசீவர் ஒன்றுதான். அதற்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகர டப்பா. ஸ்ப்ளிட்டர் என்று பேர். அதிலிருந்து மூன்று வயர் பிரியும். ஒன்று பட்டாசல் டிவிக்கு, ஒன்று மச்சில் மூத்தவன் அறைக்கு, ஒன்று பின்கட்டில் வடிவம்மாள் அறைக்கு. தெருவே ஒரு டிவி வாங்க யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அம்மையப்பன் வீட்டில் மூன்று ஓடியது. மகன் கடைக்காரன் இல்லையா.

ஆனால் ரிசீவர் ஒன்று என்பதால் மூன்றிலும் ஒரே சேனல்தான் வரும். பட்டாசலில் யார் பொத்தானை அமுக்குகிறார்களோ அவர்கள் வைத்ததுதான் வீடு முழுக்க. மச்சில் பாலசுப்பிரமணியன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான், கீழே யாராவது மாற்றுவார்கள், மேலேயிருந்து, எவம்லே மாத்துனது என்று சத்தம் வரும். பின்கட்டிலிருந்து வடிவம்மாள், அங்கனயே இருக்கட்டும், எனக்கு இந்தச் சமையல் பாக்கணும் என்பாள். சிரிப்பும் சண்டையுமாகத்தான் இருந்தது.

இன்னொரு விஷயம். தெருவுக்குத் தண்ணி திறந்துவிட்டால் முதல் வீட்டுக் குழாயில் கொட்டும், கடைசி வீட்டில் நூலாட்டம் வருமே, டிவிக்கும் அதே கதைதான். மூன்றாகப் பிரிந்து, நீள வீட்டைத் தாண்டி, அடுக்களை ஓரமாகப் போய்ச் சேருவதற்குள் பின்கட்டு வயரில் வலு குறைந்துவிடும். பட்டாசலில் முகம் பளிச்சென்று தெரியும்போது வடிவம்மாள் டிவியில் கொசு பறக்கிற மாதிரிப் புள்ளி பறக்கும். அதற்கு மேலே ஏறி டிஷ்ஷைத் திருப்பிப் பிரயோஜனம் கிடையாது. நடுவில் வலு கூட்டுகிற பூஸ்டர் ஒன்று மாட்ட வேண்டும். சிவகணேஷுக்கு இது தெரியும். அவன் பக்கத்திலேயே நின்று வயர் பிடித்துக்கொடுத்த சித்ரலேகாவுக்கும் தெரியும்.

இனி இன்றைக்கு வருவோம்.

காலைக் காப்பி முடிந்ததும் பாலசுப்பிரமணியன் மச்சிலிருந்து இறங்கி வந்தான். சித்ரலேகாவைப் பார்க்காமல் தளவாயைப் பார்த்துப் பேசினான். தம்பி சாமான் எதுவும் இங்கே இருக்க வேண்டாம், ரிசீவர், வயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகட்டும், மேலே இருக்கிற டிஷ்ஷை ஆள் வைத்துக் கழற்றி லாரியில் அனுப்பிவிடுகிறேன் என்றான். தளவாய்க்கு முகம் சிவந்துவிட்டது. தங்கச்சிக்காக அடக்கிக்கொண்டான்.

வயரை நானே கழட்டுதேன், யாரும் பிடிச்சு இழுக்கவேண்டாம் என்று மட்டும் சித்ரலேகா சொன்னாள். அந்த வயர்களைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தது அவளும் புருஷனும்தான். கல்யாணமான புதுசு. அவன் ஏணியில், அவள் கீழே கிளிப் டப்பாவோடு. ஒவ்வொரு கிளிப்புக்கும் அவன் ஏதாவது கிண்டல் பண்ணுவான், அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே பார்ப்பாள். ரெண்டு மத்தியானம் ஆனது அந்த வேலை. இப்போது ஒவ்வொரு கிளிப்பாகப் பெயர்த்தபோது அழுகை வந்தது, அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதாள்.

மச்சு வயரைச் சுருட்டும்போது ஓரகத்தி ராஜராஜேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். டீச்சர் வேலை பார்க்கிறவள், நல்ல மனுஷி, ஆனால் புருஷன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடு என்றாள். வேறு என்னவோ சொல்ல வாய் எடுத்தாள். கீழே பாலசுப்பிரமணியன் இருமியதும் உள்ளே போய்விட்டாள்.

கடைசியாகப் பின்கட்டு.

வடிவம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகன் செத்த பதினாறாம் நாளிலிருந்து இதே படுக்கைதான். எழுந்து குளிப்பாள், திருநீறு பூசுவாள், வைத்ததைக் கொஞ்சம் கொறிப்பாள், திரும்பப் படுத்துவிடுவாள். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகனைக் கொன்றவளிடம் என்ன பேச்சு என்று ஊர் அர்த்தம் பண்ணிக்கொண்டது.

சித்ரலேகாவுக்கு மட்டும் வேறு அர்த்தம் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் இருந்தது மூன்றே பேர்தான். மேலே அவன், பட்டாசலில் அவள், பின்கட்டில் மாமியார். படத்தின் ஆட்டம் நின்றதும் அவள் முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து, தெளிஞ்சிட்டு, போதும், எறங்குங்க என்று சத்தம் கொடுத்தாள். சரி என்று அவன் கையைக் காட்டினான். அவள் அடுக்களைக்குத் திரும்பி, கொதிக்கிற உலையைப் பார்த்தாள். அப்போதுதான் பின்கட்டிலிருந்து மாமியார் குரல் கேட்டது. இங்கன இன்னும் புள்ளியாத்தாம்லே இருக்கு, திருப்பு. அதற்கு அவன் ஏதோ பதில் சொன்னான், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. மாமியார் திரும்பவும் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் முடுக்கில் அந்தச் சத்தம்.

படம் சரியில்லை என்று ரெண்டு நாளாக நச்சரித்ததும் மாமியார்தான். சித்ரலேகா அதைப் புருஷனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள், அவ்வளவே.

முதல் சில நாள் அவள் காத்திருந்தாள். அத்தை எழுந்து உட்கார்ந்து, அவளை ஏம்லே சொல்லுதே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று. அந்த வார்த்தை வரவில்லை. பிறகு கோபம் வந்தது. எத்தனையோ மத்தியானம் பின்கட்டுக் கதவு வரைக்கும் போய், இன்றைக்குக் கேட்டே விடுவது என்று நின்றிருக்கிறாள். உள்ளே அந்த முதுகைப் பார்த்ததும் திரும்பிவிடுவாள். பெற்றவளிடம் போய், உன் பேச்சால்தான் உன் பிள்ளை செத்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? தப்பிக்கப் பாக்கா என்பார்கள். அதனால் பேசாமல் இருந்தாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

இப்போது டிவிக்குப் பின்னால் மண்டிபோட்டு வயரின் மூக்கைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகப் போர்த்திய பூப்போட்ட துணிகூட விலக்கப்படவில்லை.

"சித்ரா."

கை நின்றுவிட்டது. அந்தக் குரலில் தன் பேரைக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

வடிவம்மாள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே கேட்டாள். "அன்னைக்கு அவன் இன்னுங் கொஞ்சம் திருப்பியிருந்தா, இங்கன படம் தெளிஞ்சிருக்குமா?"

சித்ரலேகாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருஷமாக அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு இவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். உண்மையைச் சொல்வதானால் தெளிந்திருக்காது. அவன் நாள் பூராவும் திருப்பியிருந்தாலும் தெளிந்திருக்காது. அப்படிச் சொல்லிவிட்டால், ஒன்றுக்கும் ஆகாத ஒரு காரியத்துக்காக மகன் செத்தான் என்று ஆகிவிடும். போகிற நேரத்தில் அந்தச் சொல்லை இவள் தலையில் போட்டுவிட்டுப் போவதா? இத்தனை நாள் தன்னை வேக வைத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவளும் மனுஷிதானே.

"தெளிஞ்சிருக்கும் அத்த," என்றாள்.

"நெசமாவா?"

"ஆமா. கொஞ்சந்தான் பாக்கி இருந்துச்சு."

வடிவம்மாள் பைய எழுந்து உட்கார்ந்தாள். மருமகள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். நீ கெளம்பு, நேரமாவுது என்றாள். சித்ரலேகா வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பட்டாசலில் எல்லாரும் நின்றார்கள். பெட்டியை டிரைவர் காரில் வைத்தாகிவிட்டது. அம்மையப்பன் திருநீற்று மரவைக் கிண்ணத்தோடு பூஜை அறையிலிருந்து வந்தார். ஒரு வருஷத்தில் அவருக்குப் பத்து வயசு கூடிவிட்டது. மருமகள்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மூத்தவன் சொல்வதை மறுத்தால் அவனும் கிளம்பிவிடுவானோ என்கிற பயம் மட்டும் இருந்தது. சித்ரலேகா குனிந்தாள். அவர் திருநீற்றை விரலில் எடுத்தார்.

அப்போது பின்கட்டிலிருந்து வடிவம்மாள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசற்படியாகத் தாண்டி வந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வழியனுப்ப வருகிறாளாக்கும் என்று தளவாய் நினைத்தான். இப்பமாவது வந்தாளே என்று அவனுக்குத் தோன்றியது.

"பாலு, அவ போறதுக்கு முன்ன நான் ஒண்ணு சொல்லணும்லே," என்றாள்.

எதுக்கும்மா நீ எழுந்து வந்தே, போய்ப் படு என்றான் பாலசுப்பிரமணியன். அவள் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படம் சரியில்லன்னு இவகிட்டச் சொன்னதே நான்தான். இவ அவங்கிட்டச் சொன்னா. பட்டாசல்ல படம் வந்ததும் எறங்குங்கன்னு இவ சத்தம் போட்டது எங் காதுல விழுந்துச்சு. அவனும் எறங்கத்தான் பாத்தான். நான்தான் விடல."

பாலசுப்பிரமணியன் ஏதோ சொல்ல வந்தான். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எம்மா, ஒன் டிவிக்கு டிஷ்ஷால ஒண்ணும் ஆகாது, சாயந்தரம் கடையிலேருந்து பூஸ்டர் கொண்டாந்து மாட்டுதேன்னு மேல நின்னு சொன்னான். நான் கேக்கல. மூத்தவனுக்குத் தெரியுது, பட்டாசல்ல தெரியுது, பெத்தவளுக்குத்தான் எல்லாமே கடைசியான்னு கேட்டேன். அந்தச் சொல்லுக்குத்தான் எம் புள்ள திரும்பக் கை வச்சான். பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சே வச்சான். எம் மனசு ஆறட்டும்னு."

மேலே தட்டட்டியில் ஆடிக் காற்று டிஷ்ஷின் வலையில் அடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப இவகிட்டக் கேட்டேன். திருப்பியிருந்தா தெளிஞ்சிருக்கும்னு சொல்லுதா. பொய்யி. எனக்காகப் பொய் சொல்லுதா. இவ மேல பழி விழுந்துச்சுல்ல, அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. அவ மேல விழுந்தது எனக்குத் தோதா இருந்துச்சு பாலு. ஒரு வருசமா அத வச்சுத்தான் நான் உசிரோட கெடந்தேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்ரலேகா ஓடிப்போய்ப் பிடித்தாள். பிடித்த கையை வடிவம்மாள் விலக்கவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

அம்மையப்பன் விரலில் இருந்த திருநீற்றை மறுபடி மரவையில் தட்டினார். மரவையைத் தரையில் வைத்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்திய பெண்டாட்டியை ஒருதரம் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

பாலசுப்பிரமணியன் அப்படியே நின்றான். சித்ரலேகாவிடம் ஒரு வார்த்தை சொல்வான், தப்பு நடந்துபோச்சும்மா என்பான் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நானும் எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாகச் சித்ரலேகாவை எந்தக் கண்ணால் பார்த்தானோ அதே கண்ணால் பார்த்தான். பிறகு மச்சுக்கு ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கார் கிளம்பவில்லை. மாமா வரட்டும், சொல்லிக்கிடாமப் போகக்கூடாது என்று சித்ரலேகா சொல்லிவிட்டாள். தளவாய்க்கும் அது சரி என்று பட்டது.

மத்தியானம் ராஜராஜேஸ்வரி கண் கலங்கியபடி வந்து, சித்ராவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். உனக்குப் பிடிச்ச கத்திரிக்காய்ப் பச்சடி வச்சிருக்கேன், வா என்றாள். ஒரு வருஷமாக எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் தனியாகப் போட்டுத் தின்றவள் சித்ரலேகா. கூப்பிட ஆள் கிடையாது. இன்றைக்குக் கூப்பிட்டார்கள். தளவாய்க்கும் இலை போட்டிருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

அத்தைக்கு இலை எங்கே என்று கேட்டாள்.

ராஜராஜேஸ்வரி சாதத்தைக் கிளறினாள். அப்புறம் மெல்லச் சொன்னாள். உன் பெரியத்தான் சாப்பாட்ட மேல அனுப்பச் சொல்லிட்டாக, அத்த கைபட்ட எதுவும் இனிமே அவுகளுக்கு வேண்டாமாம், என்னயும் அத்த பக்கம் போய் நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காக, நான் என்ன செய்ய?

சித்ரலேகா இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

ஒரு தட்டில் சாதம் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வடிவம்மாள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுப்பி உட்காரவைத்து, பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தாள். நாலு உருண்டை இறங்கியது. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சித்ரலேகாவின் நெஞ்சில் பழைய கோபம் அப்படியே இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. இனிமேல் இந்த அறையில் என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. யாரும் கூப்பிடாத சாப்பாடு. எதிரே வந்தால் ஒதுங்குகிற ஆட்கள். தன் காதுபடப் பேசுகிற பேச்சு. அவளாவது சின்ன வயசுக்காரி, தாங்கினாள். இவள் தாங்கமாட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் தளவாய் எழுந்தான். அவனுக்கு உள்ளூர சந்தோஷம், மறைக்கத் தெரியவில்லை. எல்லாந்தான் வெளிச்சமாயிட்டே, தலை நிமிந்து போகலாம் வா, மாமாகிட்ட நான் நாளைக்கு வந்து சொல்லிக்கிடுதேன் என்றான். அம்மா அங்கே இவளுக்காக அறையைக் கழுவிவிட்டு வைத்திருப்பதைச் சொன்னான்.

நான் வரல அண்ணே என்றாள் சித்ரலேகா.

தளவாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. இவங்க உனக்குச் செஞ்சதுக்கு இன்னும் சேவகம் பண்ணப்போறியா, கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு என்று கேட்டான். அவள் மச்சுப்படி அடியில் போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து அவள் மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. இன்றைக்குக் கூப்பிட்டாள்.

"பெரியத்தான், கொஞ்சம் வெளிய வாங்க."

கதவு திறந்தது. பாலசுப்பிரமணியன் அழுதிருந்தான். கண் ரெண்டும் வீங்கியிருந்தது.

"ஒரு வருசம் என்னய வச்சு நடத்துனீங்க. நான் ஒண்ணும் சொல்லல. அத்தைய வச்சு அதத் திரும்ப நடத்துனா, நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவன் படியில் உட்கார்ந்தான். "அவன் எந் தம்பி, சித்ரா."

"எனக்கு அவுக யாரு பெரியத்தான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒருத்தரைக் குற்றம் சொல்லாமல் துக்கப்படுவது எப்படி என்று அந்தக் கணக்கு வாத்தியாருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கடைசியில், என்னால அம்மா மொகத்தப் பாக்க முடியல, அது என் கையில இல்ல என்று மட்டும் சொன்னான். எழுந்து உள்ளே போய்விட்டான். கதவு திரும்பவும் சாத்திக்கொண்டது.

தளவாய் பெட்டியை இறக்கிப் பட்டாசலில் வைத்தான். தங்கச்சியிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறினான். கார் சேரன்மகாதேவி ரோட்டுப் பக்கம் திரும்புகிறவரைக்கும் அவள் வாசலில் நின்றாள். போகாதே என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அம்மா மடி, அந்த ஊர் ஆற்றுத்தண்ணி, எல்லாம் காரோடு போயிற்று.

விளக்கு வைக்கிற நேரமாகியும் அம்மையப்பன் வரவில்லை.

கோயிலுக்குப் போயிருப்பார் என்று ராஜராஜேஸ்வரி சொன்னாள். கோயிலிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரர், அங்கே காணோமே, மத்தியானம் குறுக்குத்துறைப் பக்கம் நடந்து போனதைத்தான் பார்த்தேன், வெறுங்காலோட போறாரேன்னு நெனச்சேன் என்றார். ஆற்றங்கரைக்கு. ஆடி மாசம், மேலே பாபநாசத்தில் நல்ல மழை, ஆற்றில் தண்ணி நிறையப் போகிறது.

மச்சுக் கதவைத் தட்டிச் சொன்னாள் ராஜராஜேஸ்வரி. உள்ளிருந்து சட்டை மாட்டுகிற சத்தம் கேட்டது. பாலசுப்பிரமணியன் தடதடவென்று இறங்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அம்மா நிற்கிற பக்கம் திரும்பவில்லை.

வடிவம்மாள் பட்டாசல் வாசலில் நின்றாள். ஒரு வருஷமாகத் தெருவைப் பார்க்காதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். எங்க அத்த என்று கேட்டாள் சித்ரலேகா. அவுகளப் பாக்கப் போறேன், எங் கண்ணுலதான் அவுக தட்டுப்படணும் என்றாள். சித்ரலேகா இறங்கிப்போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு நடையில் ரெண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். அங்கே வடிவம்மாள் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. மருமகள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவுக வந்து, இனிமே நீ இந்த வீட்ல இருக்க வேண்டாம்னு எங்கிட்டச் சொல்லிட்டாகன்னா?"

சித்ரலேகா பிடித்த கையை விடவில்லை.

"ரெண்டு பேருமா போவோம் அத்த. வாங்க, மொதல்ல மாமாவத் தேடுவோம்."